உப்புக் காணுமோ?

எங்கள் வீட்டு அடுப்படியில் முப்பது வருடமாக ஒரே கேள்விதான். மனைவி கரண்டியை நீட்டிக்கொண்டு கேட்பாள்:

"இஞ்சேருங்கோ, உப்புக் காணுமோ?"

நான் உள்ளங்கையில் ஒரு சொட்டு வாங்கி நக்கிப் பார்த்துவிட்டு, "ஓம், காணும்" என்பேன். எங்கள் பக்கத்துப் பேச்சில் 'காணும்' என்றால் போதும் என்று அர்த்தம். ஒருமுறை விருந்துக்கு வந்த தமிழ்நாட்டு நண்பர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, உப்புத்தான் தொலைந்துபோனது என்று நினைத்து மேசைக்கு அடியில் குனிந்து தேடினார். அதை நினைத்து நினைத்துப் பல நாள் சிரித்தோம்.

அந்தச் சிரிப்பெல்லாம் முன்னைய காலம். இந்தக் கதை நடப்பதற்கு முன்பான இரண்டு வருடங்களில் நான் சொன்ன 'காணும்' எல்லாமே பொய்.

இரண்டு பேருக்கும் ஒரே கிழமையில் காய்ச்சல் வந்தது. என்னுடையது பத்து நாள் இருமலோடு போய்விட்டது. அவளுடைய காய்ச்சல் போகும்போது மூக்கையும் நாக்கையும் கூடவே கொண்டு போய்விட்டது. தேநீர் அவளுக்குச் சுடுதண்ணீர். நெத்தலிக் கருவாடு பொரிக்கிறபோது பக்கத்து வீட்டு ஜேர்மன்காரி ஜன்னலை இழுத்துச் சாத்துவாள், இவள் அடுப்புக்கு முன்னால் நின்றுகொண்டு, "பொரிஞ்சிட்டுதோ?" என்று என்னைக் கேட்பாள்.

காது, மூக்கு, தொண்டை வைத்தியரிடம் போனோம். டெர்மின், அதாவது அவரைப் பார்க்க நேரம், கிடைக்கவே மூன்று மாதம் எடுத்தது. அவர் தொண்டைக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்து, "மாண்டெல் இரண்டும் நன்றாக இருக்கின்றன" என்றார். தொண்டையின் இரு பக்கமும் இருக்கும் சதைக்கு ஜேர்மன் மொழியில் மாண்டெல் என்றுதான் பெயர். பிறகு நான்கு சிறு போத்தல்கள் எழுதிக் கொடுத்தார். ரோசாப்பூ, எலுமிச்சை, கராம்பு, யூக்கலிப்டஸ். காலையும் மாலையும் ஒவ்வொன்றாக மணந்து, மூக்குக்குப் பழைய பாடத்தைத் திரும்பப் படிப்பிக்க வேண்டுமாம். அவள் செபமாலைக்கு முன்பு அதைச் செய்வாள். கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு போத்தலாகத் தூக்குவாள். நான் கதவோரம் நின்று, "ஏதும் தெரியுதோ?" என்பேன். "ஒண்டுமில்லை" என்பாள். பிறகு கேட்பதையே விட்டுவிட்டேன்.

நாக்குப் போன முதல் கிழமை நான் உண்மையைத்தான் சொன்னேன். "உப்புக் கூடிப்போச்சு" என்றேன். அவள் அடுப்பை நிற்பாட்டிவிட்டுப் பல்கனியில் போய் இருந்தாள். மூன்று நாள் வீட்டில் பாண் ரொட்டிதான். நான் வேலை செய்வதே பாண் தொழிற்சாலையில். விடியற்புறம் முழுக்கப் பாணைப் பையில் போட்டுவிட்டு வந்து, பகலிலும் அதையே தின்ன என்னால் ஏலாமல் போய்விட்டது. நாலாம் நாள் அவள் பயந்து பயந்து ஒரு பருப்புக் கறி வைத்தாள். வாயில் வைத்தேன். உப்பளத்தில் விழுந்து எழும்பிய பருப்பு. அவள் முகத்தைப் பார்த்தேன்.

"காணும்" என்றேன். அவள் முகம் தெளிந்தது. அன்றைக்குத் தொடங்கியது.

இரண்டு வருடத்தில் நான் குடித்த தண்ணீருக்கு ஒரு சிறிய குளம் வற்றியிருக்கும். வீட்டுக்குள் நடந்த பொய்யோடு நின்றிருந்தால் பரவாயில்லை. மாதத்தில் ஒரு ஞாயிறு நாங்கள் இருக்கிற எசன் நகரில் எங்களுக்குத் தமிழில் பூசை நடக்கும். திருநாட்களில் பூசை முடிந்ததும் சாப்பாடு. அந்தச் சாப்பாடு என் மனைவியின் கை. கெல்லரில், அதாவது எங்கள் நிலக்கீழ் அறையில், இரண்டு பெரிய சட்டிகள் அதற்கென்றே இருக்கின்றன. இரண்டு பேர் பிடித்துத்தான் தூக்க வேண்டும். மன்னாரிலிருந்து வந்தவள் வைக்கிற மீன்குழம்பு என்றால், பூசைக்கு வராதவர்களும் சாப்பாட்டு நேரத்துக்குச் சரியாக வந்துவிடுவார்கள்.

நோய் வந்த வருடத் திருநாளுக்கும் அவள்தான் சமைத்தாள். பெரிய சட்டிக்கு முன்னால் நின்று கரண்டியை நீட்டினாள். நான் நக்கினேன். உப்புக் கரித்தது. சோற்றோடு சேர்ந்தால் தெரியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, "காணும்" என்றேன்.

சோற்றோடு சேர்ந்தும் தெரிந்தது. எங்கள் சனம் முகத்துக்கு நேரே ஒன்றும் சொல்லாது. "நல்லாயிருக்கு அக்கா" என்று சொல்லிக்கொண்டே குழம்பைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளிவிட்டார்கள். குப்பைப் பையைக் கட்டும்போது அவள் அதைப் பார்த்தாள். அதற்குப் பிறகு யார் கேட்டாலும், "இல்லையப்பா, எனக்கு இப்ப ஏலாது" என்றுவிடுவாள். அந்த முறை தவக்காலம் தொடங்கியபோது, "எனக்கென்ன தவக்காலம்? வருசம் முழுக்கத் தவக்காலம்தானே" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்கவில்லை.

அடுத்த தவக்காலமும் வந்தது. ஒரு நாள் உடுப்பு மடித்துக்கொண்டே, ஏதோ பழைய திரைச்சீலையைப் பற்றிப் பேசுவது போலச் சொன்னாள்:

"ஈஸ்டர் முடிய அந்தச் சட்டி ரண்டையும் ஆருக்கும் குடுத்துவிடுவம். சும்மா கெல்லரிலை இடத்தைப் பிடிச்சுக்கொண்டு கிடக்கு."

நான் "ம்" என்றேன். சட்டி வீட்டை விட்டுப் போனால் இவளிடமிருந்து என்ன போகும் என்று எனக்குத் தெரியும்.

இந்த நேரத்தில்தான் மகள் மான்ஹைமிலிருந்து தொலைபேசி எடுத்தாள். அவள் அங்கே வேலை செய்கிறாள். அம்மாவின் பிறந்தநாளுக்கு ஒரு குட்ஷைன், அதாவது பரிசுச் சீட்டு, வாங்கியிருக்கிறாளாம். தொலைபேசி சத்தமாகப் பேசும்படி மேசையில் இருந்தது.

"அம்மா, மாண்டெல் பாக்கப் போறம். நான் டெர்மின் எடுத்திட்டன்" என்றாள் மகள்.

மனைவி என்னைப் பார்த்தாள். பிறகு தொலைபேசியைப் பார்த்தாள்.

"என்ர மாண்டெல் நல்லாத்தானே இருக்கு எண்டு அந்த டொக்டர் சொன்னவர்! இன்னொருக்கா வாயைத் திறக்கச் சொல்லாதை பிள்ளை. எனக்குக் களைச்சுப்போச்சு."

மகள் சிரித்த சிரிப்பில் தொலைபேசி கரகரத்தது. பாதாம் எனப்படும் வாதுமைக்கும் ஜேர்மன் மொழியில் அதே மாண்டெல்தான். எங்களுக்கு அது தெரியாது என்றில்லை. கடையில் வாங்குகிறோம், கேக்கில் போடுகிறோம். ஆனால் இரண்டு வருடமாக எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்குத் தொண்டை என்கிற ஒரே அர்த்தம்தான் இருந்தது. மகள் சொன்னது வாதுமை மரங்கள் பூக்கிற காலத்தில், பால்ஸ் பகுதியில், ஒரு வழிகாட்டியோடு நடந்து பார்க்கிற ஒருநாள் உலா. இடையிடையே அந்த ஊர்ச் சாப்பாடும் வைனும் ருசி பார்க்கத் தருவார்களாம்.

ருசி பார்க்கிறதாம். நான் தொலைபேசியை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனேன்.

"உனக்கு விசரோ? அம்மாவுக்கு என்னெண்டு தெரியுந்தானே?"

"அம்மா பூவைப் பாக்கட்டும் அப்பா. கண் நல்லாத்தானே இருக்கு. நீங்கள் அவவுக்கும் சேர்த்துச் சாப்பிடுங்கோ."

மகளோடு வாதாடி நான் வென்றதாகச் சரித்திரம் இல்லை. ஆனாலும் மனத்துக்குள் புறுபுறுத்துக்கொண்டுதான் இருந்தேன். மரம் பார்க்க ஒரு வழிகாட்டி. அதற்கு எசனிலிருந்து ரயில். அந்த ரயிலும் கொலோனில் முக்கால் மணித்தியாலம் படுத்துக் கிடந்தது.

சனிக்கிழமை காலை மகள் எங்களை அந்தக் கிராமத்தில் இறக்கிவிட்டு வேலைக்குப் போனாள். நான் காரைவிட்டு இறங்கி நிமிர்ந்து பார்த்தேன். புறுபுறுப்பு அந்த இடத்திலேயே நின்றுவிட்டது. மலைச்சரிவு முழுக்கத் திராட்சைக் கொடிகள், ஒரு இலைகூட இல்லாமல் கம்பியில் கட்டிய கறுத்தக் கட்டைகளாக நின்றன. அவற்றுக்கு நடுவே பாதை ஓரமெல்லாம் ரோசா நிறத்தில் வாதுமை மரங்கள். எசனில் நாங்கள் முதல்நாள் விட்டு வந்தது சாம்பல் நிற மழை. இங்கே வெயில் அடித்தது. மனைவி ஜக்கெற்றின் ஜிப்பைத் திறந்துவிட்டு, "பாத்தீங்களே" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். ஆனால் அந்தக் குரலைக் கேட்டு எனக்குக் கனநாளாகியிருந்தது.

வழிகாட்டி ஒரு பெரிய உடம்புக்காரி. அறுபது வயதிருக்கும். சேற்றுச் சப்பாத்தும் கையில் மூடிய கூடையுமாக நின்றார். சொந்தமாகத் திராட்சைத் தோட்டம் உள்ளவராம். எங்களோடு சேர்த்துப் பத்துப் பன்னிரண்டு பேர். மற்ற எல்லாரும் மலையேறும் சப்பாத்தும் ஊன்றுகோலுமாக வந்திருந்தார்கள். நான் மட்டும் பூசைக்குப் போடுகிற சப்பாத்து. நடக்கத் தொடங்க முன்பு அந்த அம்மா விரலை உயர்த்திக்கொண்டு நீளமாக ஏதோ சொன்னார். அந்தப் பகுதிப் பேச்சு எனக்குப் பிடிபடவே இல்லை. முப்பது வருட ஜேர்மன் மொழி முழுவதும் என்னைக் கைவிட்டது. ஆனால் முப்பது வருடத்தில் நான் நன்றாகப் பழகிய ஒரு வேலை, விளங்காவிட்டாலும் தலையாட்டுவது. பலமாகத் தலையாட்டினேன்.

"என்ன சொல்லுறா?" என்றாள் மனைவி.

"பாதை வழுக்குமாம். சப்பாத்துக் கவனமாம்."

அது நான் அந்தக் கணத்தில் கட்டியது. அந்தக் காலத்தில் எனக்குப் பொய் தானாகவே வந்தது.

முதல் இடத்தில், ஒரு கல்மேசைக்குப் பக்கத்தில் நிறுத்தி, கூடையைத் திறந்தார். உப்புப் போட்டு வறுத்த வாதுமை. ஒரு பெரிய கண்ணாடிக் குவளையில் வெள்ளை வைன். குவளையின் உடம்பெல்லாம் விரல் பதிகிற மாதிரிக் குழிகள். இறைச்சி தின்ற எண்ணெய்க் கையாலும் வழுக்காமல் பிடிப்பதற்காக அப்படிச் செய்ததாம். நான் மொழிபெயர்த்ததும் மனைவி, "அப்ப சோறு குழைச்ச கையாலையும் பிடிக்கலாம்" என்றாள். ஒரே குவளை எல்லாரிடமும் கைமாறி வரும். அதுதான் அங்கத்தைய வழக்கம். குடித்தவர் என்ன ருசி தெரிகிறது என்று சொல்லிவிட்டுத்தான் அடுத்தவரிடம் கொடுக்க வேண்டும் என்றார் அந்த அம்மா.

ஒருவர் அப்பிள் என்றார். ஒருவர் எலுமிச்சைத் தோல் என்றார். கண்ணாடி போட்ட ஒரு மனுசன் கண்ணை மூடிக்கொண்டு ஈரக்கல்லின் ருசி தெரிகிறது என்றார். கல்லை எப்போது நக்கினார் என்று கேட்க வேண்டும் போல இருந்தது. குவளை எங்கள் பக்கம் வந்தது. மனைவி ஒரு வாய் குடித்தாள். எல்லாரும் அவளைப் பார்த்தார்கள்.

"பீச் பழம்" என்று நான் அவசரப்பட்டுச் சொன்னேன். "எங்கள் இருவருக்கும் பீச்."

மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். இருந்த இடத்திலேயே புதைக்கிற பார்வை. பிறகு அந்த அம்மாவைப் பார்த்து, தன்னுடைய மெதுவான ஜேர்மனில், சொல் சொல்லாகச் சொன்னாள்:

"எனக்கு ஒன்றும் ருசிக்காது. இரண்டு வருடமாக. நோய்க்குப் பிறகு."

எல்லாரும் தங்கள் தங்கள் சப்பாத்தைப் பார்த்தார்கள். நான் வானத்தைப் பார்த்தேன். அந்த அம்மா மட்டும் ஐயோ பாவம் என்கிற முகத்தைக் காட்டவில்லை. குவளையைத் திரும்பவும் இவள் கையில் வைத்தார்.

"அப்படியென்றால் வாய்க்குள் என்ன நடக்கிறது என்று சொல்லுங்கள்" என்றார்.

மனைவி யோசித்தாள். இன்னொரு வாய் குடித்தாள். "குளிர். பிறகு பல்லின் ஓரம் கூசுகிறது. பிறகு வாய் நனைகிறது."

"அதுதான் இந்த வைன்" என்றார் அந்த அம்மா. "மற்றவர்கள் பழக்கடையைப் பற்றிப் பேசினார்கள். நீங்கள்தான் வைனைப் பற்றிச் சொன்னீர்கள்."

கல்லை நக்கியவர்கூடச் சிரித்தார். நான் இத்தனை நாளும் பொத்திப் பொத்தி வைத்த விடயத்தை அவள் நான்கு சொல்லில் வெளியே போட்டுவிட்டாள், வானம் இடிந்து விழவில்லை. எனக்குத் தோளில் இருந்து மூட்டை ஒன்றை இறக்கிய மாதிரி இருந்தது. கூடவே வெட்கமாகவும் இருந்தது. அடுத்த இடத்தில் பன்றி வயிற்றுக்குள் இறைச்சியும் உருளைக்கிழங்கும் அடைத்து அவித்த சாப்பாடு கொடுத்தார்கள். அவள் தவக்காலம் என்று சொல்லி சீஸ் துண்டோடு நின்றாள். நான் தவக்காலத்தைக் கொஞ்சம் தள்ளிவைத்தேன்.

அதற்குப் பிறகு பாதை ஏறத் தொடங்கியது. பூசைச் சப்பாத்து தன் வேலையைக் காட்டியது. நாங்கள் பின்தங்கிவிட்டோம். மற்றவர்கள் வளைவைத் தாண்டிப் போய்விட, நாங்கள் ஒரு பழைய வாதுமை மரத்துக்குக் கீழே கல்மதிலில் இருந்தோம். அந்த மரத்தில் பூக்களுக்கு நடுவே போன வருடக் காய்கள் கறுத்துக் காய்ந்துபோய் இன்னும் தொங்கின. நிலத்திலும் நிறையக் கிடந்தன. மனைவி குனிந்து ஒன்றை எடுத்தாள். தோலை உரித்தாள். உள்ளே ஓடு.

"இஞ்சை பாருங்கோ, கொட்டங்காய்!"

கொட்டங்காய் மரம் எங்கள் பள்ளிக்கூட வளவுகளிலெல்லாம் நிற்கும். குடை விரித்த மாதிரி மரம். விழுந்த காயைக் கல்லில் வைத்து உடைத்து உள்ளே இருக்கிற பருப்பைத் தின்னாத பிள்ளை எங்கள் பக்கத்தில் இல்லை. ஆங்கிலேயர்கள் அதையும் ஏதோ வாதுமை என்றுதான் சொல்வார்களாம். அந்தப் பருப்பு எப்போதும் இனிக்கும். அதில் நல்லது கெட்டது என்று யாரும் பார்த்ததில்லை. அதனால் இதிலும் பார்க்க வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவில்லை.

அவள் காயை மதிலில் வைத்து, ஒரு கல்லை எடுத்தாள். ஒரே அடி. பருப்பு நசியாமல் ஓடு மட்டும் இரண்டாகப் போனது. ஐம்பத்தைந்து வயதிலும் கை மறக்கவில்லை. "சும்மா பல்லுக்கு வேலை" என்று சொல்லி வாயில் போட்டு மென்றாள்.

அடுத்த கணம் முகம் கோணியது. "தூ!" என்று திராட்சைக் கொடிகளுக்குள் துப்பினாள்.

"சீ! என்ன இது, கைக்குது!"

நான் வாயைத் துடைக்கக் கைலேஞ்சியை எடுத்து நீட்டினேன். அவள் கசப்பு என்று சொன்னது என் மண்டைக்கு உடனே ஏறவில்லை. நீட்டிய கை பாதி வழியில் நின்றது.

"என்ன சொன்னனீர்?"

"கைக்குது எண்டனான். வாயெல்லாம் ஒரே..."

அவளும் நின்றுவிட்டாள். வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தாள். எங்கள் இருவருக்கும் நடுவில் அந்தச் சொல் நின்றது.

"கைக்குதோ?" என்றேன்.

"ஓமப்பா." குரல் உடைந்தது. "கைக்குது. நல்லாக் கைக்குது. ஐயோ மாதாவே, கைக்குது!"

அவள் அடுத்த காயை எடுத்து உடைத்தாள். நான் தடுக்கவில்லை. அதையும் மென்று துப்பினாள். கண்ணால் தண்ணீர் ஓட, முகத்தைச் சுளித்துக்கொண்டு, "அதே கைப்பு!" என்று சத்தம் போட்டாள். நானும் சத்தம் போட்டேன். இரண்டு பேரும் மதிலில் இருந்துகொண்டு அழுதோமா சிரித்தோமா என்று இன்றைக்கும் தெரியாது.

அந்தச் சத்தத்துக்கு வழிகாட்டி அம்மா ஓடி வந்தார். மதிலில் உடைந்து கிடந்த ஓடுகளைக் கண்டதும் அவர் முகம் வெளிறியது. "துப்புங்கள்! துப்புங்கள்! எத்தனை தின்றீர்கள்?" இந்த முறை அவர் பேச்சு எனக்குத் தெளிவாக விளங்கியது. நான் எழும்பி நின்று, "பிட்டர்! பிட்டர்!" என்று கத்தினேன். ஜேர்மன் மொழியில் 'பிட்டர்' என்றால் கைப்பு, 'பிட்டே' என்றால் தயவுசெய்து. நான் தயவுசெய்து காப்பாற்றுங்கள் என்று கெஞ்சுவதாக அவர் நினைத்துவிட்டார். கைத்தொலைபேசியை எடுத்துவிட்டார்.

"இல்லை, இல்லை! அவளுக்குக் கைக்கிறது!"

"கைக்கத்தானே செய்யும்! இது கைப்பு வாதுமை! நஞ்சு! காலையிலேயே சொன்னேனே, கீழே கிடப்பதைத் தின்னவேண்டாம் என்று! நீங்கள்தான் தலையாட்டினீர்கள்!"

மனைவி அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "சப்பாத்துக் கவனமோ?" என்றாள் தமிழில்.

பிறகு அவளே எழும்பி, அந்த அம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "நான் ருசி பார்த்தேன்" என்றாள். "இன்றைக்குத்தான். இரண்டு வருடத்துக்குப் பிறகு." அந்த அம்மா 'தொப்' என்று மதிலில் இருந்துவிட்டார். இரண்டு காயை மென்று துப்பியதால் வளர்ந்த ஆளுக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் இனி ஒன்றுகூடக் கூடாது என்றார். வாயை நன்றாகக் கொப்பளிக்கச் சொல்லித் தண்ணீர்ப் போத்தலைக் கொடுத்தார். அரை மணித்தியாலம் எங்களை விட்டு அசையவே இல்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கூடையைத் திறந்து, உப்பு வாதுமையில் ஒன்றை எடுத்து நீட்டினார்.

மனைவி அதைக் கடிக்கவில்லை. நுனி நாக்கில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள். நான்கு போத்தல்களுக்கு முன்னால் மூடுவாளே, அதே மாதிரி. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"உப்பு..." என்றாள். "கொஞ்சம். தூரத்திலை நிக்குது. ஆனால் உப்புத்தான்."

அன்று மீதி வழி முழுவதும் எனக்குச் சப்பாத்துக் கடித்தது தெரியவில்லை. மகளிடம் சொன்னபோது அவள் காரை ஓரத்தில் நிறுத்திவிட்டு அழுதாள். எனக்கு இருந்த ஆறுதலைச் சொல்லி முடியாது. ஆனால் ரயிலில் வரும்போது, நெஞ்சின் ஒரு மூலையில் வேறொரு எண்ணம் தலையைத் தூக்கியது. இவளுக்கு நாக்கு வந்துவிட்டது. அப்படியென்றால் நான் பிடிபடப் போகிறேன்.

ஞாயிறு பின்னேரம் வீட்டுக்கு வந்ததும், ஜக்கெற்றைக்கூடச் சரியாகக் கழற்றாமல் அவள் அடுப்படிக்குள் போனாள். இடியப்பத்துக்குத் தேங்காய்ப்பால் விட்டுச் சொதி வைத்தாள். கை தன் வழக்கப்படி உப்பைப் போட்டது. கரண்டியை நீட்டினாள்.

"உப்புக் காணுமோ?"

"காணும்" என்றேன். பழக்கதோசம். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அவள் அதே கரண்டியைத் தன் வாயில் வைத்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"என்ர அரைகுறை நாக்குக்கே இது கடல்தண்ணி மாதிரிக் கிடக்கு" என்றாள். குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "இதையோ ரண்டு வருசமாக் காணும் காணும் எண்டு குடிச்சனீங்கள்?"

"நீர் மனம் நோவீர் எண்டுதான்..."

"எனக்குத் தெரியாதெண்டோ நினைச்சனீங்கள்? ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் ஒரு போத்தல் தண்ணி குடிக்கிற ஆளைப் பக்கத்திலை வைச்சுக்கொண்டு?" அவள் அடுப்பைக் குறைத்தாள். "அந்தத் திருநாள் அண்டு நீங்கள் காணும் எண்டு சொன்னபடியாத்தான் நான் இறக்கி வைச்சனான். நாக்குப் போனதுக்காக நான் சட்டியைக் குடுக்க நினைக்கேல்லை. நாக்கு இல்லாட்டி ஆரையும் கேட்டுச் சமைக்கலாம். கேக்கிறதுக்கு ஒரு ஆள் இல்லையே எண்டுதான்."

எனக்கு நிலம் பிளந்தால் நல்லது போல இருந்தது. இவளைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, இவள் கையிலிருந்த கரண்டியைப் பறித்தது நான்தான். "பிழைதான்" என்றேன். வேறு என்ன சொல்ல?

அவள் சொதியைத் தொட்டியில் ஊற்றினாள். திரும்பவும் வெங்காயம் வெட்டினாள். பால் விட்டாள். முதுகை எனக்குக் காட்டிக்கொண்டு நின்று என்ன செய்தாள் என்று தெரியவில்லை. கொதி வரமுன்பு இறக்கி, திரும்பிக் கரண்டியை நீட்டினாள்.

"உப்புக் காணுமோ?"

நக்கிப் பார்த்தேன். திரும்பவும் நக்கினேன். ஒன்றுமே இல்லை. அவள் கண் என் முகத்தை விட்டு அசையவில்லை. இரண்டு வருடப் பழக்கம் தொண்டை வரைக்கும் வந்து நின்றது. அதை விழுங்கினேன்.

"காணாது" என்றேன். "உப்பே இல்லை."

"ஓம்" என்றாள். "நான் போடேல்லை."

அப்பாடா என்று மூச்சு விட்டுவிட்டு, உப்புப் போத்தலை எடுத்து எனக்கு முன்னால் ஒரு சிட்டிகை போட்டாள். பிறகு சாவிக் கொழுவியில் தொங்கிய கெல்லர்ச் சாவியை எடுத்து என் கையில் வைத்தாள்.

"சாப்பிட்டிட்டுப் போய் அந்தச் சட்டி ரண்டையும் மேலை கொண்டு வாங்கோ. ஈஸ்டருக்குக் கழுவோணும்."